வாசகர் கேள்வி – பதில்: கொங்குச் சுவர்களில் ஓவியம் தேடுவோருக்கு

சென்ற இதழில் கோவை உக்கடத்துச் சுவரோவியங்களைப் பற்றி வெளியான சிறு குறிப்பைப் படித்துவிட்டு, கொங்கு மாவட்டங்கள் பலவற்றிலிருந்தும் வாசகர்கள் கடிதம் எழுதியிருக்கிறார்கள். ஒரே பொருளைக் கேட்டவற்றை ஒன்றாகச் சேர்த்தும், நீண்டவற்றைச் சுருக்கியும் இங்கே விடை தருகிறேன்.

சொந்த ஊர் தருமபுரி. வேலைக்காகக் கோவைக்கு வந்து ஓராண்டு ஆகிறது. விடுமுறை நாள்களில் நகரத்தின் சுவரோவியங்களைத் தேடிப் பார்க்க ஆசை. எங்கிருந்து தொடங்குவது? முழுப் பட்டியல் கிடைக்குமா?
– வாசகர், சரவணம்பட்டி

பட்டியலுக்கு முன்பாக ஒரே ஓர் இடத்தைச் சொல்கிறேன். அதை நிதானமாகப் பார்த்து முடித்தபின் மற்ற இடங்கள் தாமே உங்கள் கண்ணில் படத் தொடங்கும். அந்த இடம் உக்கடம். பொள்ளாச்சிச் சாலையும் பாலக்காட்டுச் சாலையும் நகரத்தை விட்டுப் பிரிகிற அந்தச் சந்திப்பை நீங்கள் பேருந்தில் பலமுறை கடந்திருப்பீர்கள். நொய்யலின் நீரைப் பெறும் குளங்களில் ஒன்றான பெரியகுளம் அதன் அருகில்தான் இருக்கிறது. அங்குள்ள அடுக்குமாடிக் குடியிருப்புகளின் பக்கச் சுவர்களில், அடித்தளம் முதல் மொட்டைமாடி வரை உயர்ந்து நிற்கும் ஓவியங்களை ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளையும் ஏசியன் பெயின்ட்ஸ் நிறுவனமும் ஓவியர்களைக் கொண்டு வரைவித்தன. தில்லியின் லோதி காலனி, ஐதராபாத்தின் மக்தா, மும்பையின் மாஹிம் கிழக்கு, சென்னையின் கண்ணகி நகர் ஆகியவற்றுக்குப் பிறகு அந்த அறக்கட்டளை ஒரு குடியிருப்புப் பகுதி முழுவதையும் ஓவியப் பகுதியாகக் கொண்டு செய்த பணி உக்கடத்தில் நடந்தது என்பது கோவைக்காரர்கள் பலருக்கே தெரியாத செய்தி.

இத்தகைய ஓவியத்தை மூன்று தொலைவுகளிலிருந்து பார்க்க வேண்டும். முதலில் சாலைக்கு எதிர்ப்புறத்திலிருந்து, முழு உருவமும் கண்ணுக்குள் அடங்கும் இடத்திலிருந்து பாருங்கள். ஓவியர் தம் வரைவைத் தாளில் போடும்போது மனத்தில் வைத்திருந்த பார்வை அதுவே. அடுத்து, கட்டடத்தின் அடியில் நின்று தலையை நிமிர்த்திப் பாருங்கள். ஆள் உயரத்தைவிடப் பெரிய கண்ணும் விரலும் வெறும் வண்ணத் திட்டுகளாகக் கலைந்துபோவதையும், அவ்வளவு அருகில் நின்று தீட்டியவருக்கு முழு உருவம் தெரிந்தே இருக்காது என்பதையும் அப்போது உணர்வீர்கள். மூன்றாவதாக, சுவரைத் தொடும் தொலைவுக்குச் செல்லுங்கள். உருளைத் தூரிகை ஓடிய தடம், கோட்டின் ஓரத்தை மெல்லிய தூரிகையால் திருத்திய இடம், கழிவுநீர்க் குழாயையும் சாளரத்தின் மேலடைப்பையும் படத்துக்குள் சேர்த்துக்கொண்ட விதம், முதலில் போட்ட கோடு மேல்வண்ணத்தின் அடியில் இலேசாகத் தெரிவது ஆகியவை எல்லாம் அங்கேதான் காணக் கிடைக்கும். திறன்பேசியில் வரும் நிழற்படங்கள் முதல் தொலைவை மட்டுமே காட்டுகின்றன என்பதால்தான் நேரில் போகச் சொல்கிறேன்.

ஓவியத்தின் கீழ் மூலையைக் கட்டாயம் பாருங்கள். பெரும்பாலான ஓவியர்கள் தம் பெயரையோ சமூக ஊடகக் கணக்கின் பெயரையோ ஆண்டையோ அங்கே இடுவார்கள். அந்தப் பெயரைக் குறித்துக்கொண்டு வந்து தேடினால், அதே கை வேறெந்த ஊர்ச் சுவரில் வேலை செய்திருக்கிறது என்பது தெரியவரும். நீங்கள் கேட்ட பட்டியலை இந்த வழியில் நீங்களே உருவாக்கிக்கொள்ளலாம். மேம்பாலத் தூண்கள், அரசுப் பள்ளிகளின் சுற்றுச்சுவர்கள், குளக்கரைகள் என்று நகரத்தின் படங்கள் மாறிக்கொண்டே இருப்பவை. அச்சிட்ட பட்டியல் ஓராண்டிலேயே பழசாகிவிடும். குறிச்சிக் குளத்தில் தமிழ் எழுத்துகளால் ஆன திருவள்ளுவர் சிலை சுவரோவியம் அன்று என்றாலும், பொதுவெளிக் கலையைத் தேடிச் செல்பவர் அதையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

ஒளியைப் பற்றியும் ஒரு சொல். கிழக்கு நோக்கிய சுவரைக் காலையிலும் மேற்கு நோக்கிய சுவரைப் பிற்பகலிலும் பார்க்க வேண்டும் என்பது எவருக்கும் தெரியும். கோவை ஏறத்தாழ 11 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் மூன்றாம் வாரம் முதல் ஆகஸ்டு நான்காம் வாரம் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. ஆண்டின் பெரும்பகுதி நிழலில் இருக்கும் வடக்குச் சுவர்களில் அந்த மாதங்களில்தான் நேர் வெயில் நன்றாக விழும். வடக்குச் சுவர் ஒன்றைத் தையில் பார்த்தவர் வைகாசியில் மீண்டும் பார்த்தால், நிறங்கள் வேறாகத் தெரியும்.

குழந்தைகளை அழைத்துச் சென்று காட்டலாமா? குடியிருப்புக்குள் நுழைந்தால் யாரும் ஏதாவது சொல்வார்களோ என்று தயக்கமாக இருக்கிறது.
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

தாராளமாக அழைத்துச் செல்லலாம். உங்கள் தயக்கமும் நல்ல தயக்கம்தான். சாலையிலிருந்து பார்ப்பதற்கு எவரையும் கேட்க வேண்டியதில்லை; வளாகத்துக்குள் கால் வைக்கும்போது, வாசலில் அமர்ந்திருக்கும் பெரியவர்களிடம் "படம் பார்க்க வந்தோமுங்க, உள்ளே போய்ப் பார்க்கட்டுங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கேட்டவரை நம் ஊரில் எவரும் திருப்பி அனுப்புவதில்லை. அனுப்பினால் திரும்பிவிடுவதே முறை. கதவுகள், காயும் துணிகள், குளித்துவிட்டு வரும் மனிதர்கள் ஆகியவை நிழற்படத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் படத்துக்கு முன்னால் தண்ணீர்க் குடத்தோடு நிற்கும் அம்மா காட்சிப்பொருள் அல்லர்.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வெளிச்சுவரில் பெரிய படம் வரைந்திருக்கிறார்கள். பார்க்க வருபவர்கள் எல்லோரும் பாராட்டுகிறார்கள். உள்ளே படிக்கட்டில் விளக்கு எரிவதில்லை, கழிவுநீர்க் குழாய் கசிகிறது. இதைச் சரிசெய்யாமல் படம் எதற்கு என்று கேட்டால் எங்களைக் கலையறியாதவர்கள் என்கிறார்கள். உங்கள் கருத்து என்ன?
– ஊரின் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

வந்த கடிதங்களுள் என்னை அதிகம் சிந்திக்க வைத்தது உங்களுடையது. நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. அதைக் கேட்பவரைக் கலையறியாதவர் என்று சொல்வது தவறு. வண்ணம் குழாயைச் சரிசெய்யாது, விளக்கை எரிய வைக்காது. ஒரு கட்டடத்தின் வெளிப்புறத்தைச் செலவு செய்து அழகுபடுத்திவிட்டு உட்புறத்தைக் கைவிடுவது, அங்கே குடியிருப்பவர்களைவிட வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கே முதன்மை தருவதாகும்.

ஓவியத்தின் பக்கமிருந்து பார்த்தாலும் உங்கள் வரிசைதான் சரி. கசியும் குழாயுள்ள சுவரில் தீட்டிய படம் நிலைக்காது. ஈரம் உள்ளிருந்து வெளியே வரும்போது வண்ணப்படலத்தை உப்பச் செய்து, பிறகு செதில் செதிலாக உதிர்த்துவிடும். முதலில் மேல்தளத்தின் ஒழுக்கு, அடுத்து குழாய், அதற்குப் பின் பூச்சு, இறுதியாக வண்ணம் என்பதை அனுபவமுள்ள எந்தப் பெயின்டரும் சொல்வார். உங்களுக்கு வேண்டியதும் படத்துக்கு வேண்டியதும் ஒன்றாகவே இருக்கும்போது, இரண்டையும் எதிரெதிராக நிறுத்திப் பேசுவோர் சுவரைச் சரியாகப் பார்க்கவில்லை என்றே சொல்வேன்.

அதே நேரத்தில், ஒரு படம் செய்யக்கூடியதையும் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. சென்னையின் நீர்நிலைக் கரைகளிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் அகற்றப்பட்ட குடும்பங்களை 2000-ஆம் ஆண்டு முதல் கொண்டுபோய்க் குடியமர்த்திய இடம் கண்ணகி நகர். அந்த முகவரியைச் சொன்னால் வேலை தரத் தயங்குகிறார்கள் என்று அங்குள்ள இளைஞர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வந்தார்கள். 2020-இல் அதன் சுவர்களில் ஓவியங்கள் எழுந்தபோது, அந்தப் பெயர் குற்றச் செய்திகளோடு சேராமல் நாளிதழ்களில் வந்தது. அது சிறிய செய்தி அன்று. ஆயினும் அங்குள்ளவர்களின் குடிநீர், பேருந்து, வேலை பற்றிய கோரிக்கைகளை அந்த ஓவியங்கள் தீர்த்துவிட்டதாக எவரும் சொல்ல முடியாது.

என் கருத்தை வெளிப்படையாகச் சொல்கிறேன். எதை வரைவது என்று அந்தச் சுவருக்குள் வாழ்பவர்களைக் கேட்காமல் வரைந்த படம், எவ்வளவு அழகாக இருந்தாலும் அரைகுறைப் படம். பார்க்கும் நமக்கும் ஒரு கடமை இருக்கிறது: இது யாருடைய சுவர், அவர்களுக்கு இந்தப் படம் பிடித்திருக்கிறதா என்று கேட்டறிந்தால்தான் அதைப் பார்த்ததாகும். உங்களுக்கு நடைமுறையில் ஒன்று சொல்லலாம். படத்துக்கான தூக்கிமேடையும் வண்ண வாளிகளும் வந்து இறங்கும் நாள்களில்தான் அதிகாரிகளும் செய்தியாளர்களும் உங்கள் வளாகத்துக்கு வருகிறார்கள். குழாய், விளக்கு பற்றிய மனுவை அனைத்து வீட்டாரின் கையெழுத்தோடு அந்த நாளில் நேரில் கொடுத்து, நகலில் ஒப்புகை முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். படம் ஏற்கெனவே முடிந்துவிட்டதென்றால், அதைப் பராமரிக்கும் பொறுப்பு யாருக்கு என்று எழுத்தில் கேளுங்கள். சுவரைப் பராமரிக்கும் கடமையை ஒப்புக்கொண்டவர், அதற்குள் ஓடும் குழாயைத் தட்டிக்கழிப்பது கடினம்.

நான் பள்ளி ஆசிரியர். எங்கள் பள்ளிச் சுற்றுச்சுவரில் மாணவர்களைக் கொண்டு வரைந்த படங்கள் இரண்டே ஆண்டில் வெளுத்துவிட்டன. சில இடங்களில் வெள்ளையாகப் பூத்து உதிர்கிறது. என்ன காரணம்?
– வாசகர், பல்லடம்

நீங்கள் சொன்ன இரண்டும் இருவேறு நோய்கள். வெளுப்பது வெயிலால், பூப்பது உப்பால்.

உப்பை முதலில் பார்ப்போம். பல்லடம், திருப்பூர்ப் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று நீரின் தன்மை உங்களுக்குத் தெரியும். அந்த நீரைக் கொண்டு சிமெண்டு குழைத்துப் பூசினால், நீரிலுள்ள உப்பு சுவருக்குள்ளேயே தங்கிவிடும். மழையில் சுவர் நனைந்து, பிறகு வெயிலில் உலரும்போது அந்த உப்பு கரைந்து வெளிப்பரப்புக்கு வந்து படிகமாகும்; அதுதான் வெண்மையாகப் பூப்பது. தரையோடு ஒட்டிய அடிப்பகுதியில் ஓதம், அதாவது மண்ணின் ஈரம், ஏறுவதால் அங்கே இது மிகும். அதனால்தான் நல்ல ஓவியர்கள் சுவரின் கீழ்ப்பகுதி ஓரடி, இரண்டடி உயரத்துக்கு நுட்பமான எதையும் வரையாமல், எளிதில் மறுபடி பூசக்கூடிய ஒரே நிறத்தில் விட்டுவிடுகிறார்கள். அடுத்த முறை, புதுப்பூச்சு என்றால் சுமார் 28 நாள் நன்றாக ஆறவிடுங்கள். புதுச் சிமெண்டின் காரம் சில நிறங்களைத் தின்றுவிடும். பழைய சுவர் என்றால் கம்பித் தூரிகையால் உப்பையும் உதிரும் பூச்சையும் தேய்த்து எடுத்து, நல்ல தண்ணீரால் கழுவி, முழுக்க உலர்ந்த பிறகு வெளிச்சுவருக்கான ப்ரைமர் அடியுங்கள். உட்சுவரை மட்டமாக்கப் பூசும் பட்டியை வெளியில் பூச வேண்டாம். முதல் மழையிலேயே ஊறிவிடும்.

வண்ணத்துக்கு வருவோம். வெளிச்சுவருக்கென்றே செய்த, நீரில் கரையும் எமல்ஷனே ஏற்றது. மிச்சமிருக்கிறதே என்று கதவுக்கு அடிக்கும் எனாமலைச் சுவரில் அடித்தால், ஈரம் வெளியேற வழியில்லாமல் அது தோலாக உரிந்துவிடும். நிறங்களிலும் ஆயுள் வேறுபடும்: பளிச்சென்ற சிவப்பு, இளஞ்சிவப்பு, எலுமிச்சை மஞ்சள் ஆகியவை முதலில் வெளுக்கும், காவி, செங்கல் நிறம், மண்மஞ்சள் போன்ற இரும்பு ஆக்சைடு நிறங்கள் நீண்டநாள் நிற்கும். கோயில் மதில்களில் காவிப் பட்டை மங்காமல் நிற்பதை நாம் காண்பது இதனால்தான். உங்கள் சுவர் மேற்குப் பார்த்தது என்றால், பிற்பகல் வெயிலோடு பாலக்காட்டுக் கணவாய் வழி வரும் சாரலும் சேர்ந்து அடிக்கும். அங்கே காவியும் நீலமும் கொண்டு திட்டமிடுவது நல்லது.

மாணவர்களைக் கொண்டு வரைவதற்குக் கட்டம் போடும் முறையே போதும். தாளில் உள்ள படத்தின்மேல் சமக் கட்டங்கள் போட்டு, அதே எண்ணிக்கையில் சுவரிலும் சுண்ணப்பொடி தோய்த்த நூலை இழுத்துத் தெறித்துக் கட்டங்கள் போட்டுக்கொண்டால், ஒவ்வொரு மாணவரும் தமக்குரிய கட்டத்தை மட்டும் பார்த்து வரையலாம். ஒரே உருவம் திரும்பத் திரும்ப வரவேண்டும் என்றால் நம் ஊர்ப் பலகை எழுதுவோரின் பழைய முறை ஒன்று உண்டு. தடித்த தாளில் படத்தை வரைந்து, கோட்டின் மீது நெருக்கமாக ஊசியால் துளையிட்டு, அதைச் சுவரில் ஒட்டிவைத்து, கரித்தூளை மெல்லிய துணியில் முடிந்து அந்தத் துளைகளின்மேல் தட்டுவார்கள். தாளை எடுத்தால் சுவரில் புள்ளி வரிசையாகப் படம் நிற்கும். அதைக் கோட்டால் இணைத்துவிடலாம்.

சுவரில் படம் தீட்டுவது மேலைநாட்டிலிருந்து வந்த பழக்கம் என்கிறார் என் நண்பர். நம் கொங்கு நாட்டில் இதற்கு முன்னோடி இருந்ததா?
– வாசகர், ஈரோடு

தூக்கிமேடையும் தெளிப்புக் குப்பியும் வெளியிலிருந்து வந்தவை; ஊரார் பார்க்கும் இடத்தில் படம் எழுதும் வழக்கம் இங்கே தொன்மையானது. கோவையிலிருந்து பாலக்காடு செல்லும் வழியிலுள்ள குமிட்டிபதியில், பாறைக் குகை ஒன்றின் மேல் வெண்ணிறத்தில் தீட்டிய தொல்லோவியங்கள் இருக்கின்றன. அவற்றில் யானை உருவம் தெளிவாகத் தெரிகிறது. நீலகிரியில் கோத்தகிரிக்கு அப்பாலுள்ள கரிக்கியூர்ப் பாறை ஓவியங்கள் இன்னும் விரிந்தவை. அங்கே செல்ல வனத்துறையின் அனுமதி வேண்டும். வந்தவர்கள் பாறையில் தம் பெயரைக் கீறியதால் அந்த ஓவியங்களில் பல சிதைந்திருப்பது நெஞ்சை வருத்தும் செய்தி.

அதே நீலகிரியில் ஆலு குறும்பர் என்னும் பழங்குடியினர், விழாக் காலங்களில் வீட்டுச் சுவரிலும் வழிபாட்டிடத்திலும் படம் எழுதும் மரபு உடையவர்கள். செம்மண், வெண்மண், இலைச்சாறு, வேங்கை மரத்தின் பால் ஆகியவையே அவர்களின் வண்ணங்கள். தேனடை எடுப்பதையும் ஆடுவதையும் மெலிந்த நேர்க்கோட்டு உடல்களாக அவர்கள் காட்டும் எளிய படங்களை, இன்று தாளிலும் துணியிலும் வரைகிறார்கள். கோயில் என்று பார்த்தால், தருமபுரிக்கு அருகே அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயிலின் விதானத்தில் இராமாயண, மகாபாரதக் காட்சிகள் வரிசையாகத் தீட்டப்பட்டிருக்கின்றன. (முதல் கேள்வி கேட்ட தருமபுரிக்காரர் ஊருக்குப் போகும்போது, கழுத்து வலித்தாலும் பரவாயில்லை என்று நிமிர்ந்து பார்த்துவிட்டு வரவேண்டும்.) இவை தவிர, நம் தோட்டங்காட்டு வழிகளில் கன்னிமார் கோயிலுக்கும் அண்ணன்மார் கோயிலுக்கும் ஊர்ப் பெயின்டர் எழுதிய குதிரையையும் காவல் தெய்வத்தையும் பார்த்துத்தான் நாம் வளர்ந்தோம். ஆண்டுதோறும் நோன்பு சாட்டுவதற்கு, அதாவது கோயில் திருவிழாவை அறிவிப்பதற்கு, முன் அவற்றுக்குப் புது வண்ணம் ஏறுகிறது. புதுப்பிப்பதையும் முறையின் ஒரு பகுதியாகக் கொண்ட இந்த வழக்கத்திலிருந்து நகரத்துச் சுவரோவியத் திட்டங்கள் கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய.

கோவைச் சுவரோவியம் ஒன்றைப் படம் எடுத்து, பனியனில் அச்சிட்டு விற்க நினைக்கிறேன். பொது இடத்தில் இருப்பதால் தடையில்லை என்கிறார்கள். சரிதானா?
– வாசகர், திருப்பூர்

சரியன்று. பொது இடத்தில் நிலையாக நிற்கும் சிலையையும் கட்டடத்தையும் படமெடுத்து வெளியிட 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் வெளிப்படையாக விலக்கு அளிக்கிறது. அந்த விலக்கின் சொற்களுக்குள் ஓவியம் அவ்வாறு தெளிவாக அடங்கவில்லை. மும்பைச் சுவரோவியம் ஒன்றைத் தன் விளம்பரத்தில் பயன்படுத்திய காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் மீது வழக்குத் தொடரப்பட்டபோது, அந்த விளம்பரத்தை அகற்றுமாறு 2023-இல் தில்லி உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது. நினைவுக்காக எடுத்து வைத்துக்கொள்ளும் படம் வேறு. சரக்கில் அச்சிட்டு விற்பது வேறு.

ஓவியரின் பெயரைக் கண்டுபிடித்து எழுதிக் கேளுங்கள். கூலி கொடுத்து வரைவித்த ஓவியத்தின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் வரைவித்தவருக்கே செல்லும் என்பதால், அந்தத் திட்டத்தை நடத்திய அமைப்பையும் கேட்க வேண்டும். இருவரின் ஒப்புதலும் எழுத்தில் இருக்கட்டும். வெளிநாட்டுக்கு அனுப்பும் சரக்கில் இதை விட்டுவிட்டால், கப்பல் ஏறிய பிறகு வரும் சிக்கல் பெரிது. இன்னொரு வழியும் உண்டு: அந்த ஓவியரையே அழைத்து உங்கள் பனியனுக்கென்று புதுப்படம் ஒன்று கேளுங்கள். ஆடைக்கு வரைவதும் சுவருக்கு வரைவதும் வெவ்வேறு வேலைகள். அவருக்கும் வருமானம், உங்களுக்கும் வேறு எவரிடமும் இல்லாத படம்.

லாரிகளில் எழுதும் கிளியும் பசுவும் கலையாகுமா? என் தந்தை நாற்பது வயது வரை லாரிக்கும் சுவருக்கும் எழுதினார். இப்போது அந்த வேலை இல்லை.
– வாசகி, திருச்செங்கோடு

ஆகும். ஐயத்துக்கே இடமில்லை. நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் சங்ககிரியிலும் பாடி கட்டும் பட்டறைகளில் உங்கள் தந்தையைப் போன்றவர்கள் எழுதிய கன்றோடு நிற்கும் பசுவும், மயிலும், தாமரையும், உரிமையாளரின் குலதெய்வப் பெயரும் நாட்டின் சாலைகள் எங்கும் சென்றிருக்கின்றன. கோவைச் சுவரில் தீட்டியதை ஊரார் மட்டுமே பார்க்கிறார்கள். திருச்செங்கோட்டு ஆழ்துளை வண்டியில் எழுதியதைப் பல மாநிலத்து உழவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

இந்தக் கைகளை வேலையிழக்கச் செய்தது கணினியில் அச்சிடும் பிளக்ஸ். அதற்கு முன்பு கட்சிச் சின்னம், சிமெண்டு விளம்பரம், திரைப்பட அறிவிப்பு, பொருட்காட்சி அனைத்தும் கையெழுத்தே. சுவரின் மூலையில் கட்சியின் பெயரையும் ஆண்டையும் எழுதி முன்கூட்டியே இடம் பிடித்துவைத்த காலம் நினைவிருக்கும். ஏணியில் நின்றபடி, அளவுகோல் இல்லாமல், 'ற'வின் காலும் 'ண'வின் சுழியும் ஒரே பருமனில் வரும்படி ஐந்தடி உயரத்தில் எழுதிய அந்தப் பயிற்சி, இன்றைய சுவரோவியர் பலருக்கு வாய்க்காதது. நகரங்களில் ஓவியத் திட்டம் நடத்துபவர்கள் எழுத்து வேலைக்காவது இவர்களைத் தேடி அழைக்க வேண்டும் என்று வலியுறுத்துகிறேன். உங்கள் தந்தை எழுதிய சுவர் ஏதேனும் இன்னும் மிஞ்சியிருந்தால், வெயில் சாய்வாக விழும் நேரத்தில் படமெடுத்து, ஊர், தெரு, ஆண்டு ஆகியவற்றை அவர் வாயாலேயே சொல்லச் சொல்லிப் பதிந்து வையுங்கள்.

எங்கள் வீட்டு மதிலில் படம் வரைய அனுமதி வேண்டுமா?
– வாசகர், மேட்டுப்பாளையம்

சொந்த மதிலில் நீங்களே வரைவதற்குத் தயங்க வேண்டியதில்லை. பிறர் சுவர் என்றால் உரிமையாளரின் எழுத்துவழி ஒப்புதல் வேண்டும். தமிழ்நாட்டில் பொதுப்பார்வைக்குரிய இடங்களை உருக்குலைப்பதைத் தடுக்கும் சட்டம் 1959 முதல் நடைமுறையில் இருக்கிறது. அரசுச் சுவர், பாலத்தூண், மின்வாரியப் பெட்டி ஆகியவற்றுக்கு உரிய அலுவலகத்தின் ஆணை இல்லாமல் தூரிகை எடுக்க வேண்டாம். அடுக்குமாடி வீடு என்றால் வெளிச்சுவர் உங்களுக்கு மட்டும் உரியதன்று; சங்கக் கூட்டத்தில் வைத்து முடிவெடுங்கள்.

எங்கள் ஊரில் பல ஆண்டுகளாக இருந்த சுவரோவியம் ஒன்றை ஒரே நாளில் வெள்ளையடித்துவிட்டார்கள். ஓவியருக்கோ ஊராருக்கோ இதைத் தடுக்கும் உரிமை இல்லையா?
– வாசகர், கரூர்

ஓவியருக்குச் சிறிது உரிமை உண்டு. தில்லியில் மைய அரசின் மாநாட்டுக் கூடமான விஞ்ஞான் பவனில் அமர்நாத் சேகல் என்னும் சிற்பி செய்த பெரிய வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை 1979-இல் பெயர்த்தெடுத்துக் கிடங்கில் போட்டுச் சிதையவிட்டார்கள். அவர் தொடுத்த வழக்கில், படைப்பை விற்றுவிட்ட பிறகும் அதன் மாண்பைக் காக்கும் உரிமை படைப்பாளியிடமே இருக்கிறது என்று தில்லி உயர் நீதிமன்றம் 2005-இல் தீர்ப்பளித்து, எஞ்சியதை அவரிடமே ஒப்படைக்கவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் ஆணையிட்டது. தீர்ப்பு வரும்போது அவர் முதியவராகியிருந்தார். அத்தகைய வழக்கைத் தாங்கும் வசதி நம் ஊர் ஓவியர்களில் எத்தனை பேருக்கு இருக்கும் என்று நினைக்கும்போது, தீர்ப்பின் மகிழ்ச்சி குறைந்துபோகிறது.

ஊராருக்குச் சட்டத்தில் அத்தகைய தனி உரிமை கிடையாது. ஆனால் வெள்ளையடிக்கும் முன் செய்யக்கூடியவை உண்டு. பெரும்பாலும் எவரும் பகையோடு அழிப்பதில்லை. திருவிழாவோ தேர்தலோ முக்கியப் பிரமுகர் வருகையோ வரும்போது, சாலையோரச் சுவர்களுக்கு ஒட்டுமொத்தமாக வண்ணம் பூசும் வேலை ஒப்பந்தத்தில் போகிறது. அந்த ஒப்பந்தக்காரரிடம் இது ஓவியம், இதை விட்டுவிடு என்று சொல்ல ஆளில்லை. எனவே உங்கள் ஊரில் மிஞ்சியிருக்கும் ஓவியங்களின் நிழற்படம், தெருவின் பெயர், வரைந்தவர் பெயர் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி, நகராட்சி அல்லது மாநகராட்சிப் பொறியாளருக்கும் அந்தப் பகுதி உறுப்பினருக்கும் கொடுத்து வையுங்கள். சித்திரைத் திருவிழாவுக்கு வண்ணம் பூசும் வேலை தொடங்கும் முன், பங்குனியிலேயே அது அவர்கள் கைக்குப் போய்விட வேண்டும்.